பொது நீரோட்டத்துக்கு ஒரு பல் செட்

எரிமலைப் படை ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு அரசியல் கட்சியாக மாறப்போகிறது என்ற செய்தி நாட்டு மக்களுக்கெல்லாம் டி.வி. மூலம் தெரிந்தது. எனக்கு மட்டும் அது ஒரு பல் செட் ஆர்டராக வந்து சேர்ந்தது.

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் முன்னறையில் ஏ.சி. போட்டுக்கொண்டு பிடுங்குவார். நான் பின்னால் ஒரு ஜன்னலும் ஒரு சிங்க்கும் உள்ள அறையில் உட்கார்ந்து கட்டுவேன். பிடுங்குகிறவர் பெயர் வாசல் போர்டில் இருக்கிறது. கட்டுகிறவன் மெழுகு வாசனையோடு வீட்டுக்குப் போகிறான். அன்றைக்கு டாக்டர் தாமே எழுந்து என் அறைக்கு வந்தார்.

"பெரிய இடத்து வேலைப்பா. கமாண்டருக்கு மேல் செட்டு, கீழ் செட்டு ரெண்டும் கட்டணுமாம். காட்டுல இருந்து இருந்து ஒரு பல்லு மிச்சமில்லயாம். தேர்தலுக்குள்ள சிரிச்சாகணும்."

"எந்தக் கமாண்டர் சார்?"

"நாட்டுல எத்தன கமாண்டர் இருக்காங்க?"

என் தம்பி தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எரிமலைப் படைக்கு ஒரு லாரி தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் லாரியைப் பத்திரமாக ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், தம்பியை விடவில்லை. அவனைத் தீர்த்துவிட்டதை மைக் கட்டி அறிவித்தார்கள், துரோகி என்ற பட்டத்தையும் சேர்த்து. எங்கே போட்டார்கள் என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அம்மா ஏன் என்றும் கேட்கவில்லை, எவன் என்றும் கேட்கவில்லை. "எந்த இடம்னு சொன்னாப் போதும்டா. ஒரு தடவ போய் நின்னுட்டு வந்துடுறேன்" என்பதுதான் அவள் பேச்சு. இந்தக் கோரிக்கையோடு நாங்கள் ஏறாத அலுவலகம் இல்லை.

இடத்தைக் காட்டினால் போதும், எலும்பானாலும் எனக்கு அவனைத் தெரியும். அவனுடைய முன்பல் ஒன்று நான் கட்டியது. தொழில் கற்ற புதிதில் கட்டியதால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. "அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி இது வந்து நிக்குது" என்று எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பான். மாற்றித் தருகிறேன் என்றாலும் விடமாட்டான்.

ஆர்டரை ஒப்புக்கொண்டேன். நியாயமாகக் கேட்கவேண்டிய வாய்க்கு அவ்வளவு பக்கத்தில் போக எனக்கு வேறு என்ன வழி?

ஆயுதக் குழுக்களை அரசியல்வாதிகளாக்குவதற்கென்றே அரசாங்கம் ஒரு நிலையம் வைத்திருந்தது. பொது நீரோட்ட இணைப்பு நிலையம் என்று பெயர். பெயரைப் பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள்தான் வரவேற்பறையில் அதிகம். அவர்களும் பாவம், உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்.

வாசலில் என் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். அளவெடுக்கும் மாவை ஒருவர் முகர்ந்து பார்த்து, இன்னொருவரை முகரச் சொல்லி, தும்மி, வெடிமருந்து இல்லை என்ற முடிவுக்கு வந்தார். என்னைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே கமாண்டரின் ஆட்கள் உள்ளே போனார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளைக் குடை வைக்கும் ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போகும்படி காவலர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். சிலர் சாய்த்தார்கள். சிலருக்கு அவசரம்.

நிலையத்தின் இயக்குநர் அம்மாள் என்னை நிற்க வைத்தே பேசினார். "நீங்க செய்யறது சாதாரண பல்லுன்னு நெனச்சிடாதீங்க. சமாதானத்தோட முகம் அது. இதுவரைக்கும் அவர் வாயைத் தொறந்தா ஜனங்க ஓடுவாங்க. இனிமே வாயைத் தொறந்தா பக்கத்துல வரணும். அதுக்குப் பேருதான் மாற்றம்."

"அவர் செஞ்சதுக்கெல்லாம் கேஸ் ஏதும் உண்டுங்களா மேடம்?"

"கேஸ் இருந்தா எப்படிங்க தேர்தல்ல நிக்க முடியும்?" என்றார், என் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு. "அதனாலதான் எடுத்துட்டோம்."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட பெஞ்சில் தாடியும் தழும்புமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருகாலத்தில் இவர்களில் ஒருவரைத் தெருமுனையில் பார்த்தால் தெருவே கதவைச் சாத்தும். பேச்சு மாஸ்டர் என்று ஒருவர் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடத்தினோம் என்று சொல்லக் கூடாது, அழைத்து உரையாடினோம். சுட்டோம் கூடாது, இருதரப்பும் இழப்பைச் சந்தித்தன. கடைசியாக ஒருவர் கையைத் தூக்கி, கடைக்காரர்களிடம் வசூலித்ததை என்னவென்று சொல்வது என்று கேட்டார்.

"அதுக்கு மட்டும் புதுசா எதுவும் வேண்டாம்" என்றார் மாஸ்டர். "வசூலே இருக்கட்டும். எல்லாக் கட்சிக்கும் பொதுவான வார்த்தை."

கமாண்டரை ஜன்னல் பக்கமாக நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தேன். வயதான ஆள். கன்னம் உள்ளே விழுந்து, யாரோ பாதி காற்றை இறக்கிவிட்ட பந்து மாதிரி இருந்தது முகம். வாய் நிறைய மாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது இறுகுகிறவரை காத்திருந்தேன். என் விரல் அவர் வாய்க்குள் இருந்தது. அவருக்குப் பல் இல்லாததால் கடிக்க முடியாது என்ற தைரியமோ என்னமோ, கேட்டுவிட்டேன்.

"ஐயா, தண்ணி லாரி டிரைவர் ஒருத்தன். முன்பல்லு கொஞ்சம் நீளமா இருக்கும். என் தம்பி. அவனை எங்க போட்டீங்க?"

அவர் கண் என்னைப் பார்த்தது. கோபமில்லை, யோசனைதான். மாவை வெளியே எடுத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, விலை விசாரித்தவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். "ஞாபகம் இருக்கு தம்பி. சாவி தரமாட்டேன்னு நின்னான். வேற வழியில்ல, நான்தான் செஞ்சேன். போட்டது எங்கன்னா, அந்த—"

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பேச்சு மாஸ்டர் சாக்பீஸோடு ஓடி வந்தார். "என்ன இது? கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றீங்க! முதல் நாள் பாடமே மறந்துபோச்சா?"

"தெரிஞ்சதத்தானே கேட்டான்?"

"தெரிஞ்சதத்தான் சொல்லக் கூடாது. தெரியாததப் பத்தி எவ்வளவு வேணாலும் பேசலாம்."

கமாண்டர் நாக்கைக் கடிக்கப் பார்த்து, பல் இல்லாததால் உதட்டை மடித்துக்கொண்டார். நான் கெஞ்சினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் முடித்துவிட்டு வகுப்பை நடத்துங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். மாஸ்டர் என்னை ஒரு புதையலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அருமையான கேள்விங்க இது. நிஜ கேள்வி. நாங்களா தயார் பண்ற கேள்வில இந்தக் கண்ணீர் வராது. நீங்க தினமும் வந்து இதையே இவர்கிட்ட கேட்கணும். பயிற்சிக்கு வச்சுக்கலாம்."

எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். என்றைக்காவது அசந்து மறந்து சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் செருப்பைத் தேடினாள். இப்பவே கிளம்பணும் என்றாள். இடமே இன்னும் தெரியவில்லை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

தினமும் போனேன், கேட்டேன். பல் ஒரு பக்கம் வளர்ந்தது, பதில் ஒரு பக்கம் தேய்ந்தது. முதலில் 'அந்தப் பக்கம்தான்' என்று கையையாவது காட்டினார். மெழுகில் பல் அடுக்கிப் பார்த்த சமயத்தில் அது 'ஒரு துயரமான காலகட்டம்' ஆகிவிட்டது. அப்புறம் என் தோளில் கை போட்டார். அதற்கப்புறம் அழுதார். எந்தக் கண்ணில் முதலில் கண்ணீர் வரவேண்டும், கேமரா எந்தப் பக்கம் இருக்கும் என்பதையெல்லாம் மாஸ்டர் திருத்திக்கொடுத்தார். என்னைக்கூடத் திருத்தினார். "நீங்க கொஞ்சம் தொண்டை அடைக்கக் கேட்டா அவருக்கு வசதியா இருக்கும்" என்றார்.

நடுவில் பயிற்சித் தேர்தல் ஒன்று நடந்தது. போட்டிக்கு ஆள் வேண்டுமே என்று நிலையத்தின் கணக்கரை எதிர்க்கட்சி வேட்பாளராக நிறுத்தினார்கள். பயந்த மனிதர். சாலை சரியில்லை என்று ஒரு சின்னப் பேச்சு பேசிவிட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால், ஸ்டேஷனரி அறையில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். கண்ணும் கட்டியிருந்தது.

"எதிர்க்கட்சின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கமாண்டரின் ஆள் ஒருவர். அவருக்கு உண்மையிலேயே குழப்பம். "எதிர்ல நிக்கிறவன வேற என்ன செய்வாங்க?"

இயக்குநர் அம்மாள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, கணக்கரின் காலடியில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"டீ குடுத்திருக்காங்க. கவனிச்சீங்களா? பழைய எரிமலைப் படை யாருக்காவது டீ குடுத்திருக்கா? சர்க்கரைகூடக் கேட்டுப் போட்டிருக்காங்க. இதுதாங்க ஜனநாயகம் வேர் பிடிக்கிறதுக்கு அடையாளம்."

கணக்கரை அவிழ்த்துவிடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் அவிழ்த்தேன். அவர் அன்றே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதால் போட்டியின்றி வெற்றி என்று அறிவித்தார்கள். ஓட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அது காலையிலேயே நிரம்பியிருந்தது. "இந்த விஷயத்துல மட்டும் நாங்க சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல" என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

சின்னம் தேர்ந்தெடுத்தது இன்னொரு கூத்து. கையெறி குண்டைத்தான் கேட்டார்கள். தேர்தல் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தரப்பும் வெகுநேரம் பேசி, அன்னாசிப்பழத்தில் உடன்பாடு கண்டன. பழைய கொடிகளை வீணாக்கவில்லை. குண்டின் தலையில் இலை மட்டும் வரைந்தார்கள். கட்சியின் பெயர் எரிமலை மக்கள் அன்புப் பேரவை. அன்பு என்பது நிலையம் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது.

ஆயுத ஒப்படைப்பு விழாவுக்கு என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாதிக்கப்பட்டோர் என்ற அட்டை என் சட்டையில் குத்தப்பட்டிருந்தது. ஒரே துப்பாக்கி மேடையில் கொடுக்கப்பட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடியும் மேடைக்கு வந்தது. அதன் கட்டையில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை வைத்து அது எனக்கு நன்றாகப் பழகிப்போனது. மற்றத் துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டவரை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார்கள். இயக்குநர் அம்மாள் உரையாற்றினார்.

"ஆயுதம் ஏந்தாத எத்தனையோ பேர் வருஷக்கணக்காக எங்கள் வாசலில் மனுவோடு நிற்கிறார்கள். அவர்களிடம் இந்த அரசு இதுவரை ஒரு வார்த்தை பேசியதுண்டா? இல்லை. ஆனால் இவர்கள் முதல் குண்டு வைத்த மறுநாளே பேச ஆள் அனுப்பினோம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு படி இறங்கி வந்தோம். எங்கள் பொறுமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வாசலில் மனுவோடு நிற்பவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

கடைசியில் தேர்ச்சித் தேர்வு வந்தது. தேர்வுக் குழுவில் ஓய்வு பெற்ற மந்திரி ஒருவர், டி.வி.யில் எல்லோர் பேச்சுக்கும் குறுக்கே பேசும் ஒருவர், மொழி தெரியாத வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவர். அன்றுதான் கமாண்டருக்குப் பல் செட்டை மாட்டிவிட்டேன். சொல்லக் கூடாது, நல்ல வேலை. அளவான பல், லேசான மஞ்சள், பார்த்தால் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருகிற தாத்தா என்று நம்பிவிடலாம். என் கையே எனக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது.

தேர்வுக்கு ஒரே ஒரு கேள்விதான். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கேட்டேன். அவ்வளவு நாள் பயிற்சிக்குக் கேட்டதுதான், ஆனாலும் தொண்டை தானாகவே அடைத்தது.

கமாண்டர் எழுந்தார். சரியான கண்ணில் முதலில் கண்ணீர் வந்தது.

"எங்கே என்று கேட்கிறார் இந்தச் சகோதரர். நானும் கேட்கிறேன், எங்கே? அந்தத் தாய் கேட்கிறார், எங்கே? இந்த மண்ணே கேட்கிறது! இத்தனை காலம் ஆண்டவர்கள் பதில் சொன்னார்களா? எங்களுக்கு வாக்களியுங்கள். காணாமல் போன ஒவ்வொருவரையும் நாங்கள் கண்டுபிடிப்போம். அதுவே எங்கள் முதல் வாக்குறுதி!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. வெளிநாட்டுப் பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார். "ஐயா, செஞ்சது நீங்கதானே" என்று நான் ஆரம்பித்தேன். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஒரு கேள்விதான் பாடத்திட்டத்துல இருக்கு" என்றார்.

தேர்தல் வந்தது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் நான் கட்டிய பல் சிரித்தது. அம்மா ஓட்டுப் போடக் கிளம்பினாள். சந்தேகப்பட்டுக் கேட்டேன்.

"அன்னாசிக்குத்தான்" என்றாள்.

"உனக்குப் பைத்தியமாம்மா? உன் பிள்ளையக் கொன்னவன்!"

"அதனாலதாண்டா. மத்தவனுங்களுக்குப் போட்டா அவனுங்க எங்கேர்ந்து கண்டுபிடிப்பானுங்க? அவனுங்களுக்கு எடமே தெரியாது. இவனுக்குத்தான் தெரியும். நெனச்சா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான்."

எந்தக் கட்சியாலும் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி அது, அவர் ஒருவரால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறைவேற்ற முடியும். வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் எங்களைப் போலவே அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அதே கணக்கு. அவர் யாரையெல்லாம் இல்லாமல் செய்தாரோ அந்த வீடுகளெல்லாம் ஓட்டுப் போட்டு அமோக வெற்றி. காணாமல் போனோர் நலத்துறை என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி அவரையே மந்திரியாக்கினார்கள்.

பல மாதம் கழித்து, கீழ் செட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று மந்திரி கிளினிக்குக்கு வந்தார். செட்டைச் சரிசெய்ய என் அறைக்கே அழைத்து வந்துவிட்டார் டாக்டர். காவலர்கள் வெளியே நின்றார்கள். மாஸ்டர் இல்லை, கேமரா இல்லை. அவருடைய பல் முழுவதும் என் கையில் இருந்தது. அடுத்து அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் சந்திப்பு.

நான் செய்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. கையை நீட்டி, செட்டைக் கல் தரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "எடத்தச் சொல்லுங்க. இல்லன்னா போட்டு உடைச்சிடுவேன்" என்றேன்.

மந்திரி பொக்கை வாயோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், பழைய தொழில்காரர் புதிதாகத் தொழிலுக்கு வந்தவனைப் பார்த்துச் சிரிப்பது போல.

"இப்பதான் வழிக்கு வந்திருக்க தம்பி. நாங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா பணயம் வைக்கிறப்போ யாருகிட்ட இருக்கிறது பெருசுன்னு பாக்கணும். பல்லு போனா வேற பல்லு. எடம் போனா?"

"ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? உங்களுக்கு இப்ப கேஸுகூடக் கிடையாதே. என்ன நஷ்டம்?"

"என்னப்பா புரியாமப் பேசுற" என்றார். அவருடைய குரலில் கனிவுகூட இருந்தது. "சொல்லிட்டா அடுத்த தடவ உங்கம்மா எனக்கு ஏன் ஓட்டுப் போடணும்?"

நிலையத்தில் அத்தனை நாள் கேட்டும் கிடைக்காத நேர்மையான பதில் அதுதான். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. ஆனால் அந்த இடத்தைச் சொல்லக்கூடிய வாய் உலகத்தில் அது ஒன்றுதான். கையைத் தாழ்த்தினேன். கீறலை அடைத்து, தேய்த்து, கழுவி, அவருக்கு வலிக்காமல் மாட்டிவிட்டேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மந்திரி வந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"சொன்னானா?"

"இல்லம்மா."

அவள் அதிகம் ஏமாந்ததாகத் தெரியவில்லை. "டி.வி.யில பாத்தேன், இருமிக்கிட்டே பேசுறான்" என்றாள். "நெஞ்சுல சளி இருக்குமோ என்னமோ. நீ டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே போய்ச் சொல்லுடா. வயசான ஆளு. அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா நமக்கு யாருடா இருக்கா?"